இமைக்கு மேல் வரைந்த கண்கள்

மகன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தபோதுதான் அந்த ஓவியம் என்னிடம் வந்தது. அதாவது, நான் அதனிடம் போனேன்.

ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். அவன் போன பிறகு வகுப்பில் நிற்க முடியவில்லை. அவனைவிட ஓரிரு வயது இளைய பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பியபடியே பாடம் நடத்தினேன். தலைமையாசிரியர் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். விடுப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பு கோலாலம்பூரில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் பயிற்சி ஒன்றை முடித்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் அவ்வப்போது சின்னச் சின்ன வேலைகள் வரும். பெரும்பாலும் ஈரத்தில் பூத்துப்போன சாமி படங்கள், சீனர் வீட்டு முன்னோர் படங்கள்.

என்னை அழைத்தவர் ஒரு சீன முதலாளியம்மா. சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில், உள்ளே தள்ளி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் ஒன்றில் பழைய துரை பங்களாவை அவர் வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். சுற்றிலும் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. பங்களாவின் சாமான் அறையில் தார்ப்பாய் சுற்றி ஓர் ஓவியம் கிடந்திருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அதைத் துடைத்து முன்கூடத்தில் மாட்டியிருந்தார். யார் வரைந்தது, யாரை வரைந்தது என்று கண்டுபிடித்து, வருகிறவர்கள் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். கூடவே அழுக்கும் எடுக்க வேண்டும். கதை கொஞ்சம் இனிப்பாக இருந்தால் நல்லது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அதைவிடச் சின்ன வேலையாக இருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஈப்போவின் சிலிபின் பகுதியில் எங்கள் வீடு அப்போது அப்படி இருந்தது.

மகனுக்குப் பத்தொன்பது வயது. காம்பாரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வார இறுதிக்கு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை, சமிக்ஞை விளக்கில் நிற்காமல் வந்த லாரி ஒன்று அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனைச் சவக்கிடங்குக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அடையாளம் காட்ட ஒருவர் போதும் என்று அங்கிருந்தவர் சொன்னார். என் கணவர் உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “அவன்தான்” என்றார். அதற்கு மேல் அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பெட்டியில் நான் பார்த்த முகத்துக்குப் பவுடர் பூசி, தலைமுடியை நெற்றியில் இழுத்துச் சீவி, திருநீறு வைத்திருந்தார்கள். தூங்குகிற மாதிரியே இருக்கான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. அவன் கைப்பேசி விபத்தில் நொறுங்கிப்போயிருந்தது. எங்களிடம் இருந்த படங்களில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், அல்லது நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் ஐசிக்கு, அடையாள அட்டைக்கு, பிடித்த படத்தைப் போட்டோ கடைக்காரர் பெரிதாக்கிக் கொடுத்தார். சட்டை சுருங்கியிருக்கிறது என்று அவராகவே கணினியில் ஒரு கோட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டிவிட்டார். என் மகன் உயிரோடு இருந்தவரை கோட்டு போட்டதில்லை. அந்தப் படம் கூடத்தில் மாட்டப்பட்டது.

கருமகாரியம் முடிந்த சில நாளில் கணவர் என்னிடம் கேட்டார். “நீதான் படம் வரைவியே. அவன வரைஞ்சி குடேன்.” சரி என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சரி என்றேன். தாளை எடுத்து வைப்பேன், பென்சிலைத் தொடுவேன், அடுப்பில் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்துவிடும். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எங்களுக்குள் பேச்சும் மெல்ல அரிசி, தண்ணீர் பில், வேனுக்கு டயர் என்ற அளவில் சுருங்கிப்போனது.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விபத்துக்குப் பிறகும் ஒரு நாள் விடாமல் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம்வரை ஓய்வு. நான் கார் ஓட்டுவதையே விட்டிருந்ததால் அவரே என்னைப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். நான் உள்ளே வேலை செய்வேன். அவர் முன்வாசல் கூரைக்குக் கீழே வேனை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். உள்ளே வாங்களேன் என்று முதலாளியம்மா கூப்பிட்டும் வரவில்லை.

இதே மாதிரி ஒரு தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவியவர்தான் என் அப்பா. துரை பங்களாவின் வாசற்படியை அவர் தாண்டியதே இல்லை. நான் ஏணி போட்டு ஏறி அதன் சுவரிலிருந்து படத்தை இறக்கியபோது அது எனக்கு நினைவுக்கு வந்தது. வந்தது, போய்விட்டது. அப்போது வேறு எதற்கும் மனதில் இடமில்லை.

படத்தில் இருந்தவளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். சாம்பல் கலந்த நீலத்தில் உடை, கழுத்துவரை மூடிய வெள்ளை லேஸ் துணி, மடியில் ஒரு புத்தகம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் சன்னலும் சன்னலுக்கு வெளியே ஒரு மேட்டு நிலமும். அழகான பெண் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூடத்தில் யாரும் அவளுக்கு எதிரே உட்காருவதில்லை என்று வேலைக்கு இருந்த இந்தோனேசியப் பெண் சொன்னாள். எந்தப் பக்கம் நின்றாலும் பார்க்கிறாளாம். நான் நின்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் பார்க்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. அவ்வளவுதான்.

முதல் சில நாள்கள் அழுக்கு எடுப்பதிலேயே போயின. பஞ்சை நனைத்து, உருட்டி, கட்டைவிரல் அகலம் அகலமாகத் துடைக்க வேண்டும். பல வருடத்துச் சுருட்டுப் புகை மஞ்சளாக வந்தது. வலது மூலையில் கையெழுத்து வெளிப்பட்டது. அந்தப் பெயரை வைத்துத் தேடியதில், இங்கிலாந்தின் வடக்கே நெசவாலைகள் இருந்த ஒரு சிறு நகரத்து ஓவியர், போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று தெரிந்தது. அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஓவியங்களுக்குப் பொறுப்பான ஒரு பெண் பதில் போட்டார். நான் அனுப்பிய படங்களைப் பார்த்து மகிழ்ச்சி என்றும், அந்த ஓவியரைப் பற்றிக் கேட்க இத்தனை வருடத்தில் யாருமே இல்லை என்றும் எழுதியிருந்தார்.

அதற்குள் எனக்குச் சில விஷயங்கள் உறுத்த ஆரம்பித்திருந்தன. உடையின் மடிப்புகளில் வெளிச்சம் சன்னல் பக்கமிருந்து விழுந்தது. முகத்தில் மட்டும் எதிர்ப்பக்கமிருந்து. கைகள் அவளுடையவை இல்லை. விரல் கணுக்கள் தடித்து, தோல் சிவந்து, துணி துவைத்துப் பழகிய கைகள். முகத்துக்குரியவள் துணி துவைத்திருக்க மாட்டாள். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. மாடலுக்குக் கூலிக்கு ஒரு பெண்ணை உட்காரவைத்து உடம்பை முடிப்பது அந்தக் காலத்தில் வழக்கம்தான். ஆனால் தலைமுடி? நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவளின் முடி காதோரம் கீழே இறங்க வேண்டும். இவளுக்கோ நெற்றியிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விரிந்திருந்தது. கன்னத்துச் சதையும் அப்படியே, காதுப் பக்கமாக ஒதுங்கியிருந்தது.

அன்றைக்குச் சன்னல்களை மூடிவிட்டு, விளக்கைப் படத்தோடு ஒட்டியபடி பக்கவாட்டில் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் சாயத்தின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். கண்களுக்குக் குறுக்கே, கருமணியின் நடுவில், மெல்லிய கோடு ஒன்று வளைந்து ஓடியது. இரண்டு கண்ணிலும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இமைமயிரின் சின்னச் சின்னக் கீற்றுகள். முதலில் இமைகளை மூடித்தான் வரைந்திருக்கிறான். அது காய்ந்த பிறகு அதன்மேல் கண்களைத் திறந்துவிட்டிருக்கிறான்.

படுத்த நிலையில் இருந்த ஒரு முகத்தைப் பார்த்து வரைந்து, அதைத் தூக்கி நிறுத்தி, வேறொருத்தியின் உடம்பில் பொருத்தியிருந்தான்.

விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது.

அருங்காட்சியகப் பெண்ணுக்கு எழுதினேன். அவர் வியப்படையவில்லை. தொடக்கத்தில் அந்த ஓவியர் ஆலை முதலாளிகளையும் அவர்கள் மனைவிமாரையும் வரைந்து நன்றாகவே இருந்திருக்கிறார். போட்டோ வந்ததும் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். அவருக்கு மிஞ்சியது இழவு வீடுகள்தான். போட்டோக்காரன் செத்த முகத்தை அப்படியே பிடிப்பான், இவர் கண்ணைத் திறந்து கொடுப்பார். ஆள் அனுப்பினால், அடக்கத்துக்கு முன்னால் போய், திரை போட்ட அறையில் உட்கார்ந்து முகத்தை வரைந்து எடுத்துக்கொள்வார். போட்டிருந்த உடைகளில் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போவார். இந்தப் பெண்ணின் பெயர் எங்கும் கிடைக்கவில்லை. அவள் வீட்டுப் பையன் எவனாவது மலாயாவுக்குத் தோட்டம் பார்க்க வந்திருக்கலாம், வரும்போது கொண்டுவந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். அந்த ஓவியருக்கு ஒரே ஒரு மகள், சிறு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஒரு வயது கூட்டி வரைந்துகொண்டே வந்திருக்கிறார். சிறுமியாக, பாவாடை நீண்டவளாக, தலைமுடியை உயர்த்திக் கட்டியவளாக. அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களில் மூன்று இருக்கின்றன. வீடு முழுக்க அந்த முகம் வளர்வதைப் பார்க்கமுடியாமல் அவர் மனைவி தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஓவியர் கை நடுங்கிப்போய், ஆதரவற்றோர் விடுதியில் இறந்திருக்கிறார்.

அடுத்த முறை போனபோதும் மழைதான். பங்களாவில் தங்கியிருந்தவர்கள் யாருமில்லை. காற்று சாரலை முன்வாசல்வரை அடித்தது. வேன் கதவை மூடிவிட்டுக் கணவர் முதல்முறையாக உள்ளே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நனைந்த சட்டையோடு படத்துக்கு எதிரே வந்து நின்றார். நான் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் நேராகக் கேட்டார்.

“யாரு இந்தப் பொண்ணு?”

பெயர் தெரியாது என்றேன். பிறகு மற்றதையும் சொல்லிவிட்டேன். இமையை, கைகளை, இழவு வீட்டுக்குப் போய் வரைகிறதை. அந்த ஓவியர் தன் மகளை வருடா வருடம் வளர்த்ததையும் சொன்னேன். நான் முடித்த பிறகு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் துடைத்துக்கொண்டார்.

“அவன் மொத மூஞ்சியப் பாத்திருப்பான்ல,” என்றார். “மகளோடத. அதுக்கு மேல வேற மூஞ்சி போட்டுக்கிட்டே இருந்திருக்கான். மறைக்கணும்னு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்,” என்றார். “அன்னிக்கி நம்ம பையன் மூஞ்சில ஒரு அடி கெடையாது. ஹெல்மெட்டு இருந்துச்சில்ல. முடியெல்லாம் பின்னால போயி நெத்தி மொத்தமா தெரிஞ்சிச்சி. அவன் நெத்தி அவ்ளோ பெருசுன்னு எனக்கு அப்பதான் தெரியும். சின்னப் புள்ளையில பாத்தது. அப்பறம் என்னிக்கி நமக்குக் காட்டுனான்? கண்ணு பாதி தொறந்திருந்துச்சி. மூடிவிட்டேன். மூடல. மறுபடி தொறந்துகிச்சி. அங்க வேல பாக்கற ஆளு, விடுங்க அண்ணே, நாங்க பாத்துக்கிறோம்னாரு. நான் விடல. கையால புடிச்சிக்கிட்டே நின்னேன். கை எடுக்கச் சொல்லி அவரு தோள்ல தட்டுன பொறவுதான் எடுத்தேன்.”

மழை சத்தத்தில் அவர் குரல் கேட்கவேண்டுமென்று நான் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

“கோட்டு போட்ட படத்தப் பாக்கறேன். போட்டோ எல்லாம் பாக்கறேன். எத பாத்தாலும் கொஞ்ச நேரத்துல அந்த மூஞ்சி வந்துருது. அதுக்குத்தான் உன்ன வரையச் சொன்னேன். எனக்கு வேற ஒரு மூஞ்சி வேணும்.”

அவர் என்னிடம் கேட்டது நினைவுப் படம் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்ட, மாலை போட. அந்த மனிதர் தினமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டு, என்னோடு சோறு சாப்பிட்டுக்கொண்டு, தனியாக அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மதியப் பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது, “வரையறேன்” என்றேன்.

அந்த வாரமே ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, அவர் எதிரே உட்கார, முற்பகல்களில். உயிரோடு இருந்தவனைத்தான் வரைய நினைத்தேன். காம்பாருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டே ஏதோ சொல்வானே, அந்த முகம். தாடை வந்தது. காது வந்தது. காது என்னுடையது போலவே இருக்கும் என்பதால் அது சுலபம். கண்ணுக்கு வரும்போது எதுவும் அவனாக இல்லை. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகும். பத்தொன்பது வருடம் பார்த்த முகம், அதன் கண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மேசைக்கு மேல் குனிந்து, இன்னும் கொஞ்சம் கீழ, இல்ல இல்ல, இவ்ளோ வேணாம் என்பார். அவருக்கும் தெரியவில்லை. சில நாள் எரிச்சலில் எழுந்து போய் வேனைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் கை தானாக நெற்றி முடியைப் பின்னால் தள்ளியது. நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. முன்முடியில்லாமல் நெற்றியை விரியவிட்டதும் புருவம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. கன்னம் காதுப் பக்கம் ஒதுங்கியது. கண் பாதி மூடியது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. உதட்டோரம்வரை வரைந்து முடித்தபோது அது என் மகன்தான். சந்தேகமே இல்லாமல் அவன்தான்.

தாளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இதான் நான் பாத்தது,” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, ஏதோ என் கையிலிருந்த பாத்திரத்தை அவரே தட்டி உடைத்துவிட்ட மாதிரியான குரலில், “இப்ப நீயும் பாத்துட்டியே” என்றார்.

“பாத்துட்டேன்.”

மேசையில் தலை வைத்து அழுதார். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன். நான் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கும் வேன் இருந்தது. அவனைக் கூப்பிட்டு அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைக் கொண்டுவிடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வரைவதை விட்டுவிட்டோம். அவருக்கு வேறு முகம் கிடைக்கவில்லை. எனக்கு அவர் பார்த்த முகம் வந்துவிட்டது. சோறு பிசையும்போது, துணி காயப்போடும்போது, அந்த நெற்றி வரும். வந்தால் இப்போது சொல்லிவிடுகிறோம். “வந்துட்டான்” என்று அவர் சொல்வார், அல்லது நான் சொல்வேன். சொன்னால் குறைகிறதா என்றால் இல்லை. சொல்வதற்கு ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

பங்களா வேலையை நான் முடித்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் எழுதினேன், இருந்ததை இருந்தபடி. முதலாளியம்மா என் எதிரிலேயே நின்று அதைப் படித்தார். முகம் மாறிவிட்டது. இதைப் படித்தால் இங்கே யார் தூங்குவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோயிருந்தார். துரையின் தங்கை, கல்யாணத்துக்குக் காத்திருந்தவள் என்று மாற்றி எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஓவியரின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதித் தருகிறேன், மற்றதை விட்டுவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, பினாங்கில் பழம்பொருள் வாங்குகிற ஒருவருக்குப் படத்தைக் கொடுத்துவிட்டதாகவும் நான் வந்து பத்திரமாகக் கட்டித் தர வேண்டும் என்றும் அழைத்தார்.

போய்க் கட்டினேன். கணவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். மெல்லிய தாளை முகத்தின் மேல் விரிக்கும்போது அவர் ஒரு கணம் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தப் பெண்ணின் கைகளை, அந்தச் சிவந்த தடித்த கைகளைப் பார்த்தார். “இந்தக் கைக்காரி உயிரோட இருந்திருப்பால்ல,” என்று கேட்டார். ஆமாம், உட்கார வைத்துத்தானே வரைந்திருக்கிறான் என்றேன். இவள் முகம் எங்கேயாவது இருக்குமா என்றார். இருக்காது, அவளை யார் வரையப்போகிறார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுத் தாளின் ஓரத்தை மடித்துக் கொடுத்தார்.

பெட்டி லாரியில் ஏறியதும் சுவரில் வெறும் ஆணி மட்டும் தெரிந்தது. முதலாளியம்மா அங்கே கடிகாரம் மாட்டலாமா, கண்ணாடி மாட்டலாமா என்று என்னிடம் கேட்டார். கடிகாரம் என்றேன்.

அருங்காட்சியகப் பெண் கடைசியாக ஒருமுறை எழுதினார். அவர்களிடம் இருக்கும் மற்ற படங்களிலும் இமைக்கோடு இருக்கிறதா என்று பார்க்கப்போவதாகவும், நான் அதை எப்படிக் கவனித்தேன் என்றும் கேட்டிருந்தார். விளக்கை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், அறையை எவ்வளவு இருட்டாக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினேன். ஓவியர் மகளின் மூன்று படங்களுக்கு மட்டும் அதைச் செய்யவேண்டாம், அடியில் மூடிய கண் இருந்தால் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத் தோன்றியது. அவர் வேலையில் தலையிட எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன்.